தமியான் அடிகளும் 'நாம்' என்னும் சொல்லும்

தொண்டு என்ற சொல்லை எடுத்தவுடனே நம்மவருள் இரு திறத்தார் எழுந்து வாதிடுவதைக் காண்கின்றோம். ஒரு திறத்தார், கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்குப் பிறர் துன்பந் துடைக்கும் எண்ணமே தோன்றாது என்பர். மற்றொரு திறத்தார், மதத்தின் பேரால் நடைபெறும் தொண்டெல்லாம் மீனைப் பிடிக்க இடும் இரையே அன்றி வேறன்று என்பர். முதற் கூற்று பொய் என்பதற்கு, எந்தக் கோயிலுக்கும் செல்லாமலே ஊருக்கு உழைத்து மறைந்த பெரியோர் பலர் சான்றாவர். இரண்டாங் கூற்று முற்றிலும் பொய் என்று சாதிக்க நாம் துணியோம். பிடி அரிசிக்காகவும் முழத் துணிக்காகவும் பெயரை மாற்றிக்கொண்டவர் கதை கீழ்நாடுகள் பலவற்றிலும் உண்டு. ஆயினும் அக்கூற்றை முழு உண்மையென்று ஒப்புக்கொள்ளவும் வரலாறு நமக்கு இடந்தருவதில்லை.

ஆகலின், வாதத்தை விடுத்து ஒரு மனிதரின் வாழ்க்கையை ஆராய்வதே நலம் என்று கருதினோம். கிறிஸ்தவ சமயப் பற்று ஒருவரைத் தொண்டுக்குத் தூண்டியபோது அத்தூண்டுதல் எவ்வாறு வேலை செய்தது, அதனால் விளைந்த நன்மை யாது, அதில் நின்ற குறை யாது என்பவற்றை விருப்பு வெறுப்பின்றிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அம்மனிதர் மொலோக்காய்த் தீவின் தமியான் அடிகள். நாம் கிறிஸ்தவர் அல்லோம். ஆனால் ஆங்கிலப் பாடசாலையில் பயின்றவர். அங்கே ஸ்டீவன்ஸன் என்பார் எழுதிய 'புதையல் தீவு' என்னும் கதையை வாசித்தோம். அதே ஆசிரியர் தமியானைக் குறித்து ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்துள்ளார் என்பதைப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அறிந்தோம். அக்கடிதமே நம்மை இவ்வாராய்ச்சியில் இறக்கியது.

பிரிக்கும் நோய்

பசிபிக் மாகடலின் நடுவில் உள்ளன ஹவாய்த் தீவுகள். இன்று அவை அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு மாநிலம். 19-ஆம் நூற்றாண்டில் அவை தமக்கென அரசரும் சட்டமும் உடைய தனி நாடாக விளங்கின. அயல்நாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கியபின், முன்பு அந்நாட்டார் அறியாத நோய்கள் பல புகுந்து குடிகளை வாரிக்கொண்டு போயின. அவற்றுள் ஒன்று தொழுநோய். அதற்கு அக்காலத்தில் மருந்தில்லை. அது பரவும் விதமும் எவருக்கும் தெளிவாக விளங்கவில்லை. அச்சம் ஒன்றே விளங்கியது.

1865-ஆம் ஆண்டில் அரசர் ஐந்தாம் கமேகமேகா காலத்தில், நோயுற்றோரைப் பிடித்துத் தனியே ஒதுக்கிவைக்கும் சட்டம் பிறந்தது. மொலோக்காய்த் தீவின் வடகரையிலே கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு முனை இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூன்று புறமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் புறம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்திற்குச் சுவர்போல் நிற்கும் செங்குத்து மலை. சிறைக்கு மதில் எழுப்பும் செலவும் அரசாங்கத்திற்கு இல்லை. 1866-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் முதற் கூட்டத்தார் அங்கே இறக்கப்பட்டனர். அடுத்த நூறாண்டில் அவ்விடத்திற்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பழங்குடி மக்கள். தாயிடமிருந்து குழந்தையையும் கணவனிடமிருந்து மனைவியையும் அச்சட்டம் பறித்தது. அதனால் அம்மக்கள் அந்நோய்க்குத் தம் மொழியில் 'பிரிக்கும் நோய்' என்றே பெயரிட்டனர். உடலை அழுகச் செய்வதினும் உறவை அறுப்பதே அதன் கொடுமை என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இறக்கிவிட்டவர்கள் தாமே உழுது பயிரிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அதிகாரிகளின் எண்ணம். விரலிழந்தவன் மண்வெட்டியை எவ்வாறு பிடிப்பான் என்று அவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை. புல்லும் இலையும் வேய்ந்த குடிசைகள். தொலைவிலிருந்து சுமந்து வரவேண்டிய தண்ணீர். கிழங்கிலிருந்து வடித்த சாராயம். 'இவ்விடத்தில் சட்டம் கிடையாது' என்பது அங்கு வழங்கிய ஒரு பேச்சு. சட்டத்தாலேயே அங்குத் தள்ளப்பட்டவர்கள் அவ்வாறு சொன்னது நியாயமே.

முன் சென்றோர்

தமியான் அங்கு அடிவைத்ததற்கு முன் அம்முனையில் அன்பே இருந்ததில்லை என்று சில நூல்கள் எழுதும். அது பிழை. 1866-ஆம் ஆண்டிலேயே, ஒதுக்கப்பட்டவருள் முப்பத்தைந்து புரொட்டஸ்டண்டு கிறிஸ்தவர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சபையை நிறுவி, அதற்குச் சிலோவாமா என்று பெயரிட்டனர். அவர்கள் நோயாளிகள், அவர்களுக்கு எவரும் பிரசங்கம் செய்ய வரவில்லை, தாமே கூடித் தாமே தொழுதனர்.

இன்னொரு கூட்டத்தாரும் இருந்தனர். நோயில்லாத உடலோடு, நோயுற்ற கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பின்தொடர்ந்து அம்முனைக்குத் தாமே சென்றவர்கள் அவர்கள். துணைவர் என்னும் பொருளில் அவர்களைக் 'கோக்குவா' என்று அழைத்தனர். நாப்பெலா என்பார் அவருள் ஒருவர். அவர் மோர்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்; அப்பிரிவின் மறைநூலை ஹவாய் மொழியில் பெயர்க்கத் துணைநின்ற கல்விமான். அவர் மனைவி கிட்டிக்கு நோய் கண்டது. 1873-ஆம் ஆண்டில் அவரோடு நாப்பெலாவும் சென்றார். அங்கே தாமும் அந்நோய்க்கு ஆளாகி 1879-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். உலகம் தமியானை அறிந்தது; நாப்பெலாவை அறிந்தவர் சிலரே. வெள்ளைக்காரர் ஒருவர் தியாகம் செய்தால் அது பூமியெங்கும் முழங்குவதும், உள்ளூரார் செய்தால் குடும்பக் கடமை என்று மறக்கப்படுவதும் வரலாற்றின் வழக்கம். நாம் அவ்வழக்கத்திற்குத் துணைபோகலாகாது. தமியானின் பெருமை நாப்பெலாவின் பெருமையால் குறைந்துவிடாது.

சவத்துணியின் கீழ்

தமியானின் இயற்பெயர் யோசேப்பு. 1840-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பெல்ஜியத்தில் திரெமெலோ என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் அவரைத் தானிய வாணிகத்தில் அமர்த்த விரும்பினார். மகனோ தமையனைப் பின்பற்றித் துறவிகளின் சபை ஒன்றில் சேர்ந்தார். 1860-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் இறுதி வாக்குறுதி கொடுத்தார். அச்சபையின் வழக்கப்படி, வாக்குறுதி தருவோரைத் தரையில் கிடத்திச் சவத்தின்மேல் போர்த்தும் துணியால் மூடுவர். இவ்வுலகிற்கு நீ இறந்துவிட்டாய் என்பது அச்சடங்கின் பொருள். இளைஞர் தமியான் அத்துணியின் கீழ்க் கிடந்தபோது அதை வெறுஞ் சடங்கென்று எண்ணவில்லை. இதனைப் பின்னர்க் காண்போம்.

பாரிஸில் இருந்த நாட்களில் அவர் புனித பிரான்சிஸ் சவேரியாரின் படத்தின் முன் நின்று, தம்மையும் தொலை நாட்டிற்கு அனுப்ப வேண்டுமென்று வேண்டிக்கொள்வது வழக்கம். அச்சவேரியார் 1542-ஆம் ஆண்டு முதல் நம் தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்து, பின் 1545-ஆம் ஆண்டில் மலாக்காவிற்கு வந்தவர் என்பதை நம் வாசகர் அறிவர். வேண்டுதல் எதிர்பாராத வழியில் நிறைவேறியது. ஹவாய்க்குச் செல்லவிருந்த தமையன் காய்ச்சலில் விழுந்தார். தம்பி மேலிடத்திற்கு நேரே எழுதித் தமையனின் இடத்தைக் கேட்டுப் பெற்றார். 1864-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் ஹொனலூலுவில் இறங்கினார். அதே ஆண்டு மே மாதம் குருப்பட்டம் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் பெரிய தீவில் குதிரைமேலும் கால்நடையாகவும் திரிந்து, மக்கள் மொழியைக் கற்று, தம் கையாலேயே சிறு கோயில்கள் கட்டினார்.

1873-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கோயிலின் திறப்பு விழாவிற்குக் குருமார் கூடியிருந்தனர். மொலோக்காயில் உள்ள கத்தோலிக்க நோயாளிகளுக்கு நிலையான குரு இல்லையே என்று மேற்றிராணியார் மெக்ரே வருந்திப் பேசினார். எவரையும் அவர் கட்டளையிட்டு அனுப்ப விரும்பவில்லை. நான்கு இளங்குருக்கள் தாமே எழுந்து முன்வந்தனர். மாறி மாறிச் சென்று வருவதென முடிவாயிற்று. முதல் முறை தமியானுடையது. மே 10-ஆம் நாள் அவர் கரையிறங்கினார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. மற்றவரின் முறை வரவே இல்லை. அவர் அங்கேயே தங்கிவிட்டார். தாம் முன்பே சவத்துணியின் கீழ்க் கிடந்தவர் என்பதை நினைத்தே இதற்கு இசைந்ததாக அவர் மேலிடத்திற்கு எழுதினார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு சடங்கு அன்று அவர் அச்சத்தை வென்றது. நம்பிக்கை மனிதனுள் வேலை செய்யும் விதம் இது. அது புதிய வலிமையை வானத்திலிருந்து பொழிவதில்லை. கொடுத்த வாக்கை மறவாமல் இருக்கச் செய்கின்றது.

பிரசங்கமும் உளியும்

முதற் சில வாரங்கள் அவர் கோயிலருகே ஒரு தாழை மரத்தின் அடியில் உறங்கினார். புண்ணின் நாற்றம் பொறுக்கமாட்டாமல், அதை மறைக்கப் புகைக்குழாய் பிடிக்கலானார். நாற்றம் தோன்றவில்லை, அருவருப்பு உண்டாகவில்லை என்று அவர் பொய் சொல்லவில்லை. அருவருத்துக்கொண்டே அருகில் சென்றார்.

அவர் வெறுஞ் செபத்தோடு நிற்கவில்லை என்பதைச் சீர்திருத்தம் விரும்புவோர் கவனிக்க வேண்டும். நீர்க்குழாய்கள் வந்தபோது வலுவுள்ள நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு அவற்றைப் பதித்தார். 1874-ஆம் ஆண்டில் பெருங்காற்று குடிசைகளை வீழ்த்தியபின், பலகை கேட்டு வாங்கி மரவீடுகள் எழுப்பினார். புண்களைக் கழுவிக் கட்டினார். பெற்றோரற்ற சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இல்லங்கள் அமைத்தார். இறந்தவரைத் துணியில் சுருட்டி ஆழமற்ற குழியில் இட்டு வந்த நிலையை மாற்றி, தம் கையாலேயே சவப்பெட்டிகள் செய்தார்; குழியும் வெட்டினார். நோயாளிகளைக் கொண்டு ஒரு வாத்தியக் குழுவும் பாட்டுக் குழுவும் உண்டாக்கினார். உயிரோடிருக்கும்போது நாயினுங் கீழாய் எண்ணப்பட்டவன், இறந்தபின் வாத்திய முழக்கத்தோடு அடக்கம் செய்யப்பட்டான். இதனால் நோய் தீரவில்லைதான். ஆனால், தான் மனிதன் என்ற எண்ணம் எஞ்சியிருந்தோர்க்குத் திரும்பியது. சுயமரியாதை என்பது இதுவல்லவா?

இப்போது நாம் தலைப்பில் வைத்த சொல்லுக்கு வருகின்றோம். அங்குச் சென்ற ஆண்டின் இறுதியிலேயே தமையனுக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் ஒரு செய்தி குறிப்பிட்டார். பிரசங்கம் செய்யும்போது மக்களைச் 'சகோதரரே' என்று தாம் அழைப்பதில்லை என்றும், 'தொழுநோயாளராகிய நாம்' என்றே சொல்வதாகவும் எழுதினார். பல நூல்களில், தமக்கு நோய் கண்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடுமென அவ்வாறு சொன்னார் என்று நாடகம்போல் எழுதியிருக்கும். உண்மை அதனினும் பெரிது. உடலில் ஒரு மாசும் இல்லாத நாளிலேயே அவர் அவ்வாறு சொன்னார்.

தமிழர்க்கு இச்சொல்லின் அருமை எளிதில் விளங்கும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. நம் தமிழிலோ, கேட்பவனை விலக்கி நிற்பது 'நாங்கள்'. கேட்பவனையும் உளப்படுத்துவது 'நாம்'. ஹவாய் மொழியிலும் இந்த வேற்றுமை அப்படியே இருக்கின்றது. 'மாக்கொவ்' என்பது அவர்களுடைய 'நாங்கள்'. 'காக்கொவ்' என்பது அவர்களுடைய 'நாம்'. அம்மொழியிற் பிரசங்கித்த தமியான், ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. தருமம் செய்வோர் பெரும்பாலும் 'நாங்கள் உங்களுக்குத் தருகின்றோம்' என்பர். அவ்வாக்கியத்தில் ஒரு மதில் நிற்கின்றது. தமியான் அம்மதிலைச் சொல்லிலும் வைக்கவில்லை, செயலிலும் வைக்கவில்லை. அவர்களோடு ஒரே கலத்தில் கைவைத்து உண்டார். தம் புகைக்குழாயையும் பகிர்ந்தார்.

படகிலிருந்து ஒரு குரல்

சமயப் பற்றே இவற்றிற்கெல்லாம் வேர் என்பதை மறைப்பதும் நேர்மையாகாது. நோயுற்றவனைக் காணச் சென்றவன் தம்மையே காண வந்தான் என்று இயேசுநாதர் கூறியதாக விவிலியம் சொல்கின்றது. தமியான் அதை உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துக்கு எழுத்து மெய்யென்று கொண்டார். கோயிலில் நற்கருணையின் முன் அமரும் நேரம் இல்லாவிடில் அவ்வாழ்வைத் தம்மால் தாங்கியிருக்க இயலாது என்று அவரே எழுதியுள்ளார்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். தொடக்க மாதங்களில் சுகாதாரக் கழகம், அம்முனையை விட்டு வெளியேறக் கூடாதென்று அவருக்குத் தடை விதித்தது. அவருடைய மேலதிகாரியான குரு ஒருவர் அவரைக் காணக் கப்பலில் வந்தார். கரையிறங்க அவருக்கு அனுமதி இல்லை. தமியான் சிறு படகில் ஏறிக் கப்பலண்டை சென்றார். மேலே ஏற இவருக்கும் அனுமதி இல்லை. கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவின் காதில் இரகசியமாக உரைப்பது வழக்கம். தமியானோ, அலைமேல் ஆடும் படகில் நின்றுகொண்டு, மேல்தட்டில் இருந்தவர் கேட்கும்படி உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் தம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். தம் உள்ளத்தின் தூய்மைக்காக வெட்கத்தையும் விட்ட மனிதரை நம்பிக்கையற்றவரும் வணங்கலாம்.

1881-ஆம் ஆண்டில் அரசியாட்சி நடத்திய லிலியுவோகலானி அம்மையார் அம்முனைக்கு வந்தார். எதிரே நின்ற மக்களைக் கண்டு பேச நாவெழாமல் கண்ணீர் விட்டார். பின்னர்த் தமியானுக்கு அரசாங்கப் பதக்கம் ஒன்று அனுப்பப்பட்டது. அவர் அதை அணிந்து உலாவியவர் அல்லர்.

1884-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள், களைத்த கால்களைக் கழுவ வெந்நீரில் வைத்தார். தோல் கொப்புளித்தது; அவருக்குச் சூடு தெரியவில்லை. உணர்ச்சி மரத்துப் போவது அந்நோயின் அடையாளம் என்பது பதினோராண்டு அங்கு வாழ்ந்தவர்க்குத் தெரியாததன்று. அவர் வேலையைக் குறைக்கவில்லை, கூட்டினார். 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் உயிர் துறந்தார்.

அன்பும் அறிவும்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. அவர் நோயை வாங்கிக்கொண்டது அவசியந்தானா? தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே 1873-ஆம் ஆண்டில், நார்வே நாட்டில் ஹான்சன் என்னும் மருத்துவர் அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். தொழுநோய் பாவத்தின் தண்டனையும் அன்று, குலத்தின் சாபமும் அன்று. கிருமியால் வருவது என்று தெளிவாயிற்று. அவ்வறிவு மொலோக்காயின் குடிசைக்கு வந்து சேர நாளாயிற்று.

1883-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்திலிருந்து மரியான் கோப் என்னும் அம்மையார் ஆறு கன்னியரோடு ஹவாய்க்கு வந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகள் மறுத்த அழைப்பை அவர் ஏற்றார். மருத்துவமனை நடத்திப் பழகியவர் அவர். ஆகையால் கை கழுவுதல், இடத்தைத் தூய்மையாக வைத்தல் முதலிய விதிகளைக் கண்டிப்பாக நடத்தினார். உங்களுள் ஒருவருக்கும் இந்நோய் வாராது என்று தம் கன்னியர்க்கு உறுதி கூறினார். அவ்வாறே ஒருவருக்கும் வரவில்லை. 1888-ஆம் ஆண்டில் மொலோக்காய்க்குச் சென்று, 1918-ஆம் ஆண்டில் இறக்கும் வரை அங்கேயே தொண்டாற்றினார். அவருடைய நம்பிக்கை தமியானுடையதினும் குறைந்ததன்று. அதனோடு அறிவும் சேர்ந்திருந்தது. ஆராயாத அன்பைக் காட்டிலும் ஆராய்ந்த அன்பு நெடுநாள் பயன்படும் என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுவதில்லை.

1886-ஆம் ஆண்டில் யோசேப்பு டட்டன் என்பவரும் வந்து சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணிபுரிந்தவர். குடியாலும் முறிந்த இல்லறத்தாலும் தம் இளமையைப் பாழாக்கிக்கொண்டவர். அதற்குக் கழுவாய் தேடி வந்தவர். அவர் குருவும் அல்லர், துறவற வாக்குறுதி தந்தவரும் அல்லர், சம்பளமும் பெறவில்லை. எந்நாளும் கப்பலேறித் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. 1931-ஆம் ஆண்டு வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள் தொண்டராகவே உழைத்து முடிந்தார்.

பழியும் பதிலும்

தமியான் இறந்த சில மாதங்களில் அவர்மேல் ஒரு பழி எழுந்தது. ஹொனலூலுவில் வாழ்ந்த ஹைடு என்னும் புரொட்டஸ்டண்டுப் போதகர், தமியான் அழுக்கர், பிடிவாதக்காரர், ஒழுக்கத்திலும் தூயவர் அல்லர் என்று நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் அச்சேறிப் பரவியது. தமியான் மறைந்து ஒரு மாதமளவில் மொலோக்காயில் சில நாட்கள் தங்கி வந்திருந்த ஸ்டீவன்ஸன், 1890-ஆம் ஆண்டில் அதற்குப் பகிரங்க விடை எழுதினார். அவர் தாமும் புரொட்டஸ்டண்டு குடும்பத்திற் பிறந்தவரே. அவ்விடையின் சிறப்பு, தமியானைக் குற்றமற்றவராகப் புனையாமையே. அவர் முரடர், அவசரக்காரர், பிறர் சொல் கேளாதவர் என்பவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டு, மற்றவர் வசதியான மாளிகையில் இருந்த காலத்தில் இவர் அங்கே சென்றார் என்ற ஒன்றையே ஸ்டீவன்ஸன் நிலைநாட்டினார்.

நம் முதற் கேள்விக்கு விடையாகும் செய்தியொன்றும் அக்கடிதத்தில் உண்டு. இலண்டனில் இருந்த சாப்மன் என்னும் ஆங்கிலிக்கன் போதகர், தம் சபை வேறாயினும், பணந்திரட்டித் தமியானுக்கு அனுப்பினார். தமியான் முதலில் அதைக் கத்தோலிக்க நோயாளிகளுக்கே செலவிடத் திட்டமிட்டார். அது முறையன்று என்று எடுத்துக் காட்டப்பட்டபோது, தம் தவற்றை முழுதும் ஒப்புக்கொண்டு திட்டத்தை மாற்றினார். மத வேலி அவருள்ளும் இருந்தது என்பதற்கும், அதைச் சுட்டிக்காட்டியபோது தாண்டக்கூடியவர் அவர் என்பதற்கும் இந்நிகழ்ச்சி சான்று. அவர் மதம் மாற்றவும் விரும்பினார். புண் கழுவவும் செய்தார். முன்னதைக் கொண்டு பின்னதை இரை என்று தள்ளுவோர், இரை இடுகிறவன் தானே தூண்டிலில் சிக்கிச் சாவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் காணும் குறை வேறு. அத்தொண்டர் எவரும் அச்சட்டத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யவில்லை. சிறைப்பட்டோர் கண்ணீரைத் துடைத்தனர். சிறைக் கதவை அசைக்கவில்லை. 1889-ஆம் ஆண்டில் தமியான் நினைவாக இங்கிலாந்தில் நிதி திரண்டு, அதன் சார்பில் 1890–91-ஆம் ஆண்டுகளில் இந்தியாவிற்கு ஒரு விசாரணைக் குழு சென்றது. இந்நோயின் தொற்று மிகச் சிறிதே, ஆதலால் எல்லா நோயாளரையும் கட்டாயமாய் ஒதுக்குவது வேண்டா என்பது அதன் முடிவு. ஆயினும் 1898-ஆம் ஆண்டில் அங்கு ஒதுக்கும் சட்டம் வந்தே தீர்ந்தது. நம் மலாயாவிலும் நோயாளிகள் ஒதுக்கப்பட்டனர்; 1930-ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் அவர்களுக்கென ஒரு பெருங் குடியிருப்பே எழுந்தது. 1940-களில் பயனுள்ள மருந்து வந்தது. ஹவாயில் ஒதுக்கல் சட்டம் ஒழிந்தது 1969-ஆம் ஆண்டிலேதான். 1981-ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால், ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் முற்றும் நீங்குகின்றது. 2009-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை தமியானுக்கும், 2012-ஆம் ஆண்டில் மரியான் கோப் அம்மையாருக்கும் புனிதர் பட்டம் அளித்தது.

நம் மேசைமேல் ஒரு பேனா

இத்தனையும் படித்தறிந்த நாம் ஒன்றைச் சொல்லாமல் முடிப்போமாயின் இக்கட்டுரை பொய்யாகிவிடும். நாம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவருக்குத் தோலில் வெளிறிய படை தோன்றியது. தொழுநோய் என்று தெரிந்தது. மருந்துண்டால் தீரும், தொட்டால் ஒட்டாது என்று டிரெசர் தெளிவாகச் சொன்னார். நாம் அதைக் கேட்டோம், நம்பவும் செய்தோம். ஆயினும் லயத்தார் முணுமுணுத்தனர். மேலிடம் அவரை நிறுத்தும்படி சொன்னது. செக்ரோலிலிருந்து அவர் பெயரை வெட்டியது நம் கை.

கணக்குத் தீர்க்கும் நாளில் அவர் மேசை முன் வந்து நின்றார். பணத்தை நாம் கையில் கொடுக்கவில்லை, அடிக்கோலால் தள்ளினோம். கையெழுத்துக்கு நம் பேனாவை நீட்டலாமா என்று நாம் தயங்கிய அக்கணத்தில், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"பேனா நான் கொண்டாந்திருக்கேங்க, ஐயா" என்றார்.

நம் தயக்கத்தை அவர் முன்னரே அறிந்திருந்தார். நமக்குச் சங்கடம் வாராதிருக்க அவர் ஆயத்தமாய் வந்திருந்தார். அன்று அந்த மேசையில் தொண்டு செய்தவர் யார் என்று வாசகரே சொல்லட்டும்.

பத்திரிகைக்கு எழுதுவோர் தம்மை 'நாம்' என்று குறிப்பது மரபு. நாமும் இக்கட்டுரை முழுதும் அவ்வாறே எழுதியுள்ளோம். அந்த 'நாம்' எழுதுபவனின் பெருமைக்கு வைத்தது. அதற்குள் அத்தொழிலாளி இல்லை. தமியான் சொன்ன 'நாம்' வேறு. அதைச் சொல்வதற்குக் கிறிஸ்து நாதர்மேல் வைத்த பற்று அவருக்குத் துணையாயிற்று. அப்பற்று இல்லாதோர் அறிவின் துணையாலோ, மனிதத் தன்மையின் துணையாலோ அதைச் சொல்லலாம். எத்துணையைக் கொண்டேனும் சொல்லியாக வேண்டும். 'எங்களுக்கு மதமில்லை, ஆகையால் மூடத்தனமும் இல்லை' என்று மார்தட்டுவதில் பயனில்லை. டிரெசர் சொன்னதை அறிந்திருந்தும் அடிக்கோலை எடுத்த நமக்கு அறிவு குறைவாய் இருக்கவில்லை.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நம் சங்கங்கள் பல இருக்கின்றன. இளைஞரும் பலர் இருக்கின்றனர். நோயுற்றோரைக் காணவும், மருந்து தவறாமல் உண்ணத் துணைநிற்கவும், குணமடைந்தவர்க்கு மீண்டும் வேலையும் லயத்தில் இடமும் கேட்டுப் பெறவும் நேரம் ஒதுக்குவோர் நம்முள் எத்தனை பேர்? அப்பணிக்கு மொலோக்காய்வரை செல்ல வேண்டுவதில்லை. அந்தச் செக்ரோலும் அதில் வெட்டப்பட்ட பெயரும் இன்னும் நம் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பெயர் இன்னொன்று நம் முன் வரும் நாளில், பேனாவை நாமே நீட்டுவோமாக.